சரி போட்ட பக்கம்

நாலே முக்கால் ஆகியும் லெப்டொப் திரையின் மூலையில் அந்த மஞ்சள் பொட்டு இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் ஓடும், களைத்ததைப் போல நிற்கும், நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் அடையாளம் விழும். பிறகு மறுபடி ஓடத் தொடங்கும். நதீரா கட்டிலில் சம்மணம் போட்டு இருந்து அதையே பார்த்தாள். பார்ப்பதால் எதுவும் நடக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் சிபானா. புதுச் சல்வார், புது முக்காடு. மடியில் கிடந்த கைகள் மட்டும் ஓரிடத்தில் கிடக்கவில்லை. விரல்கள் ஒன்றையொன்று பிடித்தன, விட்டன, முக்காட்டின் ஓரத்தை முறுக்கின. சிபானா பிறந்ததிலிருந்தே காது கேளாதவள். அவளுடைய பேச்சு முழுவதும் அந்தக் கைகளில்தான். நதீராவின் மாமி சபியா உம்மாவின் ஒரே மகள் அவள், நதீராவை விட இரண்டு வயது மூத்தவள். சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்ததால் நதீராவுக்கு அந்தக் கைப்பேச்சு பாடம் படிக்காமலே வந்துவிட்டது.

அவர்கள் இருந்தது கல்முனைக்குடியில் நதீராவின் வீட்டு உள்ளறை. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மாசி மாதம். யுத்தம் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நதீராவின் வாப்பா ஜவுபர் ஹாஜியார் அந்த வருடம்தான் வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்திருந்தார்.

மாப்பிள்ளையின் பெயர் றிஸ்கான். ஊர் நிந்தவூர். கட்டாரில் ஒரு தளபாடக் கடையில் தச்சு வேலை. அவனுக்கும் காது கேட்காது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு மாதமாகத் தொலைபேசியில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். பேசாமல் இருந்தது இரண்டே பேர். சிபானா பிடிவாதமாக ஒன்றைத்தான் சொன்னாள்: அவனோடு நேரே கதைத்து, தன்னிடம் இருக்கிற ஒரு கேள்வியைக் கேட்ட பிறகுதான் பதில். தொலைபேசியில் கை தெரியாது. ஆகவே ஸ்கைப்.

மாப்பிள்ளையின் வாப்பா ஷரிபுதீன் அதற்கு ஒப்புக்கொண்டார், ஒரு நாளைக்கு மட்டும். இன்றைக்குப் பொழுதுபட மஃரிப் பாங்கு சொல்லுமுன் ஓம் அல்லது இல்லை தெரிய வேண்டும், சம்மாந்துறையில் இன்னோர் இடமும் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். கட்டாரில் கடையை மத்தியானம் பூட்டி வைக்கிற நேரத்தில்தான் றிஸ்கான் ஒபிஸ் கொம்பியூட்டரில் இருக்கலாம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணிக்குக் கடை திறந்துவிடும்.

சபியா உம்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன புள்ள, அந்தப் பெட்டி இன்னும் வாய் தொறக்கல்லயா?"

"கொஞ்சம் பொறுங்க மாமி."

"பொறுத்துப் பொறுத்துத்தான் இவ்வளவு நேரமும் போன. அங்க அவங்க மூணாவது தேத்தண்ணி குடிக்காங்க. உங்கட உம்மா குசினியில நிண்டு சீனி முடியப் போகுதெண்டு கண்ணக் காட்டுறா."

ஹோலில் ஷரிபுதீன், அவரோடு வந்த பள்ளிவாசல் மரைக்கார், நதீராவின் வாப்பா மூன்று பேரும் இருந்தார்கள். தொலைபேசி இணைப்பு அங்கேதான். அதனால் ரவுட்டரும் அங்கேதான், ஷரிபுதீன் சாய்ந்திருந்த செற்றியின் பக்கத்தில், ஒரு முக்காலியின் மேல். அதிலிருந்து தொங்கும் நீல வயர் இரண்டு முழம் இருக்கும். அதைக் குத்திவிட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். ஆனால் பேச்சு முடிவாகும் முன் பெண் ஆண்கள் இருக்கும் ஹோலுக்கு வருவதில்லை. போன கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதோடு சரி. ஷரிபுதீன் இன்னும் அவளைக் கண்டதில்லை, காண்பதும் முறையில்லை. உள்ளறைக்கு வரக்கூடியது வயரில்லாத இணைப்பு மட்டும்தான். அதற்குத்தான் இந்தப் பாடு.

நதீரா கெட்டி அட்டை போட்ட தன் சீ.ஆர். கொப்பியை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். கல்முனையில் மாலைக் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவளிடம் அந்தப் பழக்கம். ஒரு வேலையைச் செய்யுமுன் நாள், நேரம் போட்டு எழுதுவாள். செய்வாள். பார்ப்பாள். சரிவந்தால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு 'சரி' அடையாளம். வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு வேறு வழி தெரியாது. தான் செய்த எதையும் அவளால் நம்ப முடிவதில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிற ஆள் அவள். கொப்பியில் கிடக்கிற சரி அடையாளத்தை மட்டும்தான் நம்புவாள்.

லெப்டொப்பின் விளிம்பில் இருக்கிற வயர்லெஸ் சுவிட்ச்: போட்டுத்தான் இருந்தது. பட்டியலில் வீட்டு இணைப்பின் பெயர்: இருந்தது, நாலு கோடும் பச்சை. கடவுச்சொல்: மூன்று தரம் அழித்து மூன்று தரம் அடித்தாள். நாலாவது தரம் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழவில்லை. இணைப்பையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள். லெப்டொப்பை நிறுத்தி எழுப்பினாள். பொட்டு ஓடியது, நின்றது, சிவப்பு விழுந்தது.

வாப்பாவின் குரல் திரைச்சீலைக்கு அப்பால் தாழ்ந்து கேட்டது.

"மகள், ஆகுமா ஆகாதா? ஒரு வார்த்த செல்லு."

"ஆகும் வாப்பா."

"பத்து நிமிசத்துக்கு முன்னயும் இதத்தான் சென்னாய்."

"வாப்பா, அந்த ரவுட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்க. பின்னுக்கு இரிக்கிற கறுப்புச் சுவிட்ச்."

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் ஷரிபுதீனின் கனத்த குரல் வந்தது.

"என்னத்துக்கு ஹாஜியார் அத அணைக்கிறீங்க?"

"அதுக்கும் கொஞ்சம் இளைப்பாற வேணுமாம்."

"நாம வந்து ஒண்டரை மணித்தியாலம், அது என்ன வேல செஞ்ச, இளைப்பாறுறத்துக்கு?"

மரைக்கார் சிரித்தார். வாப்பாவின் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்தது.

ரவுட்டர் எழும்ப மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அவள் அறைக்குள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் நடந்தாள். சிபானாவின் கண்கள் அவளோடு போய்ப் போய் வந்தன. ஐந்து மணி. மஞ்சள் பொட்டு ஓடியது. நின்றது. சிவப்பு.

கைத்தொலைபேசியை எடுத்து யசோதினியை அழைத்தாள். யசோதினி அவளோடு வகுப்பில் படிப்பவள், வீடு பாண்டிருப்பு. நற்பிட்டிமுனை வயலில் அறுவடை என்று நேற்றே சொல்லியிருந்தாள். எடுத்தவுடன் வெட்டுகிற மெசினின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"என்னடி, மாப்பிள்ள வந்திட்டாரா திரையில?"

"திரை இன்னும் வரல்ல யசோ. பட்டியல்ல தெரியுது, கோடெல்லாம் நிரம்பியிரிக்கு. உள்ள விடுதில்ல."

"என்ன? உரக்கக் கதை! இங்க மெசின் ஓடுது."

"உரக்கக் கதைக்க ஏலாதுடி, ஹோலில ஆக்கள்! உள்ள விடுதில்லயாம்!"

"கடைசியா என்னத்த மாத்தினாய்? அதத்தான் முதல்ல பாக்கோணும்."

நதீரா கொப்பியைப் பார்த்தாள். கடைசி வேலை வியாழக்கிழமை. பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில் அழுத்திப் போட்ட சரி.

"அது சரி போட்டதுடி. இன்டர்நெட்டில நாலு பக்கம் தொறந்து பாத்துட்டுத்தான் போட்ட."

"நீ போட்டா அது சரியாத்தான் இரிக்கும். ஒண்டுக்கு நாலுதரம் பாக்கிற ஆள் எங்கட வகுப்பில வேற ஆரு? அப்ப வேற என்னவோதான். ஐயோ, அப்பா கூப்புடுறார், சாக்குப் புடிக்க வேணுமாம். வைக்கிறன்!"

இரைச்சல் அறுந்தது. நதீரா அந்தப் பக்கத்தை இன்னொருதரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை செய்த வேலை இதுதான். வீட்டு இன்டர்நெட் மாதம் முடியுமுன் பத்தாம் நாளிலேயே தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. காரணம் வாப்பாதான். கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். கடவுச்சொல்லை ஒழுங்கையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முற்றத்தில் கதிரை போட்டுக் கிரிக்கெட் பார்த்தார்கள். கடவுச்சொல்லை மாற்றினால் வாப்பா அதையும் சொல்லிவிடுவார் என்று நதீராவுக்குத் தெரியும். ஆகவே அவள் வேறொரு பூட்டுப் போட்டாள். ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் இணைப்புக்கென்று ஒரு கார்ட் இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் அடையாள அட்டையைப் போல ஓர் இலக்கம். அந்த இலக்கங்களை ரவுட்டருக்குள் எழுதி, இவற்றைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிடலாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்பவனைப் போல ரவுட்டர் நிற்கும். கடவுச்சொல் சரியாகச் சொன்னாலும் பட்டியலில் இல்லாதவன் வெளியேதான்.

தன் லெப்டொப்பின் இலக்கத்தை அவள் கவனமாகப் பார்த்து எழுதினாள். பிறகு நாலு பக்கங்களைத் திறந்து பார்த்தாள், நாலும் வந்தன. சரி போட்டாள்.

சிபானா அவளுடைய முழங்கையைத் தொட்டாள். கொப்பியைக் கேட்டுக் கையை நீட்டினாள். நதீரா கொடுத்தாள். சிபானா வியாழக்கிழமைப் பக்கத்தை வாசித்தாள், நாளைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவளும் இந்த வீட்டில்தான் இருந்தாள், ஹோலில் பாய் விரித்துப் பயற்றங்காய் முறித்துக்கொண்டு. அவள் எல்லாவற்றையும் கண்ணால்தான் வைத்துக்கொள்கிறவள். கொப்பியை மடியில் வைத்துவிட்டுக் கையால் சொன்னாள்:

'அன்றைக்கு நீ இந்த அறையில் இல்லை. ஹோலில் இருந்தாய். நீல வயர் இதில் குத்தியிருந்தது.'

நதீரா அவளைப் பார்த்தாள்.

'கடைசி வரைக்குமா?'

'கடைசி வரைக்கும். நீ சிரித்துக்கொண்டு சரி போட்டாய். பிறகுதான் கழற்றினாய்.'

நதீராவுக்கு அப்போதுதான் விளங்கியது. லெப்டொப்பில் கார்ட் ஒன்றல்ல, இரண்டு. வயருக்கு ஒன்று, வயரில்லாததற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கம். அவள் திரையில் முதலில் வந்த இலக்கத்தை எழுதினாள். வயர் குத்தியிருந்ததால் முதலில் வந்தது வயரின் இலக்கம். சோதித்ததும் வயரோடுதான். நாலு பக்கங்களும் வயரால்தான் வந்தன. வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, அதற்குப் பிறகு மூன்று நாளாக வகுப்பு, கலியாண வேலை என்று ஓடித்திரிந்ததில் வயரில்லாமல் ஒருதரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. தன்னைத்தானே வெளியே நிறுத்திப் பூட்டியிருக்கிறாள். ஒன்றரை மணி நேரமாகச் சந்தேகப்படாத பொருள் இந்த அறையில் ஒன்று பாக்கியில்லை, சரி போட்ட அந்த ஒரு பக்கத்தைத் தவிர.

"மாமி, நான் ஹோலுக்குப் போக வேணும்."

"அல்லாவே, என்னத்துக்கு?"

"பிழை என்ட கையில. திருத்துறத்துக்கு அந்த வயர்தான் வேணும். ரெண்டு நிமிசம்."

"ஆம்புளைகள் இரிக்கிற இடத்துக்குப் பெட்டியையும் தூக்கிட்டு…"

"எங்கட வீடுதானே மாமி. வாப்பாவும் இரிக்கார்."

முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்து, கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் ஹோலுக்குள் போனாள். வாப்பா எழும்பப் பார்த்தார்.

"மன்னிச்சிக்கங்க மாமா. இதுல ஒரு சின்ன வேல," என்றாள் ஷரிபுதீனைப் பார்த்து.

"வா மகள், வா. சின்ன வேலைக்காகத்தானே நாங்களும் காலையிலருந்து இரிக்கிற," என்று அவர் காலை மடக்கி இடம் விட்டார்.

"காலையிலருந்து இல்ல, அசர் தொழுகைக்குப் பொறகு," என்று மரைக்கார் திருத்தினார்.

நதீரா முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, நீல வயரைக் குத்தினாள். திரையில் ரவுட்டரின் பக்கம் உடனே திறந்தது. பட்டியலில் இரண்டு இலக்கம்தான், வாப்பாவின் பழைய கொம்பியூட்டரின் இலக்கமும் இவளுடைய பிழையான இலக்கமும். சரியான இலக்கத்தை லெப்டொப்பில் தேடி எடுத்தாள். அவசரத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. முதலில் கொப்பியில் எழுதினாள். எழுதியதை ஒவ்வொன்றாய் வாய்க்குள் சொல்லித் திரையோடு ஒப்பிட்டாள்.

"என்ன மகள், அடையாள அட்ட நம்பரா?"

"அந்த மாதிரித்தான் மாமா. இந்தப் பட்டியல்ல நம்பர் இருந்தாத்தான் உள்ள விடும்."

"அட!" ஷரிபுதீன் வாப்பாவின் பக்கம் திரும்பினார். "ரோட்டில அடையாள அட்ட கேக்கிறத இப்பதான் கொஞ்சம் நிப்பாட்டியிரிக்காங்க. நீங்க ஊட்டுக்குள்ள தொடங்கிட்டீங்களா ஜவுபர்?"

இந்தத் தரம் வாப்பாவும் பிந்தாமல் சிரித்தார்.

பன்னிரண்டு எழுத்தையும் அடித்து முடித்தாள். இனி 'சேமி' என்ற பொத்தானை அமர்த்த வேண்டும். அமர்த்தினால் ரவுட்டர் தானாக அணைந்து மறுபடி எழும்பும், மூன்று நிமிடம். பிறகு அறைக்குள் போய் மறுபடி இணைக்க வேண்டும். சுவர்க்கடிகாரத்தில் ஐந்து பதினெட்டு. கையை மவுசில் வைத்தாள்.

அப்போது லெப்டொப் மணியடித்தது.

வயர் குத்தியவுடன் ஸ்கைப் பின்னால் தானாக விழித்திருக்கிறது. சிபானாவின் பெயர் பச்சையானதைக் கண்டு அங்கிருந்து றிஸ்கானே அழைத்துவிட்டான். நதீரா எடுத்தாள். ஒட்ட வெட்டிய தலை, காதில் ஒரு பென்சில், தோளில் மரத்தூள். முகம் கொஞ்சம் உடைந்து உடைந்து வந்து பிறகு தெளிந்தது. நதீராவைக் கண்டு திகைத்தான். இவளல்ல என்று தெரிந்துகொண்டான். அவசரமாகக் கைகளால் சொன்னான்:

'முதலாளி இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். பத்து நிமிடம் தந்திருக்கிறார். அவள் எங்கே?'

நதீராவின் விரல் மவுசின் மேல் இருந்தது. ஒரு அமர்த்து. மூன்று நிமிடம். அதற்குள் அவன் போய்விட்டால்? அவன் போகாமல் இருந்து, இந்த இலக்கத்திலும் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால்? எழுதியதை ஒப்பிட்டுத்தான் பார்த்தாள். வியாழக்கிழமையும் ஒப்பிட்டுத்தான் பார்த்தாள். விரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தலையைத் திருப்பினாள். உள்ளறைத் திரைச்சீலையின் ஓரத்தில் சிபானாவின் ஒரு கண் தெரிந்தது. அது திரையில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நின்றபடியே அவள் அவனுடைய கைகளை வாசித்துவிட்டாள் என்று நதீராவுக்கு விளங்கியது.

திரைச்சீலை விலகியது. சிபானா வெளியே வந்தாள்.

"சிபானா! புள்ள! எங்க போறாய்? சிபானா!" சபியா உம்மா உள்ளேயிருந்து கத்தினாள். கத்தி என்ன பயன்? சிபானா திரும்பவில்லை. ஹோலில் இருந்த மூன்று ஆண்களையும் பார்த்து ஒருதரம் தலையைத் தாழ்த்தி ஸலாம் சொல்லும் பாவனையில் கையை நெஞ்சில் வைத்தாள். வந்து நதீராவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

நதீரா மவுசிலிருந்து கையை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு வேலையைப் பாதியில் விட்டாள்.

மரைக்கார் கூரையைப் பார்த்தார். ஷரிபுதீன் தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். வாப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. மின்விசிறியின் சத்தமும் சிபானாவின் வளையல் சத்தமும் மட்டும்தான். அத்தனை பேர் நடுவில் அந்த இரண்டு பேரும் கதைத்ததில் ஒரு சொல்கூட அந்த ஆண்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியது நதீராவுக்கு மட்டும்.

சிபானா நலம் விசாரிக்கவில்லை. நேரே கேட்டாள்.

'எனக்குக் கேட்காது. உனக்கும் கேட்காது. கடல் வந்தால் நம்மில் யார் எழும்புவது?'

நதீரா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வருடத்துக்கு முன், கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரைப் பக்கத்து வீட்டின் பின்வளவில் சிபானா தனியே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் கத்திக்கொண்டு ஓடியது அவளுக்குத் தெரியவில்லை. ஊரோடு ஓடிய அவளுடைய வாப்பா அவளைத் தேடித் திரும்பி வந்தார். அவளைப் பிடித்து மதிலுக்கு மேல் ஏற்றிவிட்டார். அவருக்கு ஏற நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சிபானா உம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறாள். இந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, நதீராவிடம்கூட.

றிஸ்கான் கீழே பார்த்தான். காதில் இருந்த பென்சிலை எடுத்தான், மறுபடி செருகினான்.

'போனைத் தலையணைக்குக் கீழே வைப்பேன். அது அதிரும்.'

'கடல் போன் பண்ணி விட்டு வராது.'

அவன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். பிறகு அவனுடைய கைகள் மெதுவாக, ஒரு பொருளைத் தொட்டு அளப்பதைப் போல அசைந்தன.

'நான் தச்சன். கட்டிலை நானே செய்வேன். தலைமாட்டுப் பலகையைச் சுவரில் இறுக்கிப் பொருத்துவேன். அடுத்த அறையில் யாராவது சுவரைத் தட்டினால் அது பலகையால் வந்து நம் உடம்பில் படும்.'

'பொய்.'

'பொய்யில்லை. பார்.'

அவன் திரும்பி யாரையோ கை காட்டிக் கூப்பிட்டான். வெள்ளை நீள அங்கி போட்ட ஒருவர், முதலாளியாகத்தான் இருக்க வேண்டும், திரையின் ஓரத்தில் வந்து நின்றார். றிஸ்கான் அவருக்கு ஏதோ காட்டினான். பிறகு முதலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு உள்ளங்கையை மேசையில் அழுத்தி வைத்தான். கண்ணை மற்றக் கையால் மூடினான். முதலாளி மேசையின் மறுகோடியில் ஒரு தட்டுத் தட்டினார். றிஸ்கான் கண்ணிலிருந்து கையை எடுத்து ஒரு விரலைத் தூக்கினான். இரண்டு தட்டு. இரண்டு விரல். முதலாளி அவனை ஏமாற்ற நினைத்தோ என்னவோ நெடுநேரம் சும்மா நின்றார். றிஸ்கானும் அசையவில்லை. பிறகு விரல் நுனியால் ஒரே ஒரு தட்டு. ஒரு விரல் உயர்ந்தது.

சிபானா திரையின் பக்கம் இன்னும் குனிந்தாள். அவளுடைய உள்ளங்கை தன்னை அறியாமல் சீமெந்துத் தரையில் பதிந்திருந்தது.

முதலாளி கடிகாரத்தைக் காட்டினார். றிஸ்கான் திரும்பினான்.

'போக வேண்டும். பதில்?'

சிபானா சொன்னாள். அவன் முகம் மாறியது. ஏதோ சொல்லக் கை தூக்கினான், அதற்குள் திரை இருண்டது.

ஹோலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதைப் போல இருந்தது. மரைக்கார்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்னவாம் புள்ள? செல்லு."

"ஓமாம்," என்றாள் நதீரா. வாப்பாவைப் பார்த்தாள். "ஓமாம். ஆனா கட்டில மாப்பிள்ளதான் செய்ய வேணுமாம், செவரோட சேத்து. செவருக்கு அங்கால சபியா மாமிதான் படுக்க வேணுமாம்."

"கட்டிலா?" வாப்பா பதறிப்போனார். "கட்டில் பொண் ஊட்டாலதானே குடுக்கிற! நாங்க சாய்ந்தமருதுல ஓடர் குடுத்து, செதுக்கு வேலையும் முடிஞ்சிட்டு. நீங்க ஒண்டும் நெனைக்காதீங்க, புள்ளைக்கு மொற தெரியா…"

ஷரிபுதீன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் சிபானாவைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க மிகவும் கவனமாக ரவுட்டரின் மேல் மினுங்கும் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்ட மூத்தம்மா இப்பிடித்தான் அவன எழுப்புவா," என்றார். "செவத்துல ஒலக்கையால இடிச்சி. இடிச்சி இடிச்சி சாந்து விழுந்து, நான் ரெண்டுதரம் பூசியிரிக்கன்." சிரித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "கட்டில் எங்கட. அந்தச் செதுக்குக் கட்டில நீங்க வெச்சிக்கங்க ஜவுபர். மரைக்கார், நாள் பாருங்க."

அவர்கள் மூன்று பேரும் பள்ளிவாசலுக்குப் போக எழும்பி, வாசலில் நின்று நாளைப் பற்றிக் கதைத்தார்கள். சபியா உம்மா உள்ளே அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. நதீரா அதில் ஒன்றிலும் கலக்கவில்லை. தரையிலேயே இருந்து, பன்னிரண்டு எழுத்தையும் இன்னொருதரம் ஒப்பிட்டாள். 'சேமி'யை அமர்த்தினாள். பச்சை வெளிச்சங்கள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக வந்தன. நீல வயரைக் கழற்றினாள். கழற்றியதை ரவுட்டர் பக்கத்திலிருந்தும் பிடுங்கிச் சுருட்டி, கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். இனி ஏமாறத் தயாராக இல்லை.

மஞ்சள் பொட்டு ஓடியது. ஒரு தரம். இரண்டு தரம். நின்றது. சிவப்பு விழவில்லை. நாலு பக்கம் திறந்தாள், நாலும் வந்தன. மடியில் சுருண்டு கிடந்த வயரைத் தொட்டுப் பார்த்தாள். அது அங்கேதான் இருந்தது.

மஃரிப் பாங்கு தொடங்கியது. வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து பச்சைச் சரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: 'வயரோடு சோதித்தது. வயரில்லாததைச் சோதிக்கவில்லை. கண்டுபிடித்தது சிபானா மச்சி.' இன்றைய நாள், நேரம், சரியான இலக்கம். ஓரத்தில் பேனையைக் கொண்டுபோனாள். அங்கேயே வைத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. நதீரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே சிபானா கட்டில் தலைமாட்டில் முதுகைச் சாய்த்து, கண்ணை இறுக மூடி இருந்தாள். அடுத்த அறையில் சபியா உம்மா தட்டிக்கொண்டிருக்கிறாள், பாங்கு முடியும்வரைகூடப் பொறுக்காமல்.

சிபானா கண்ணைத் திறந்து இரண்டு விரலைக் காட்டினாள்.

நதீரா தலையை ஆட்டினாள். மூன்று விரலைத் தூக்கினாள்.

சிபானா புருவத்தைச் சுருக்கிக் கட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடையில் ஒரு விரல் கொள்ளும் இடைவெளி. எழும்பினாள், கட்டிலைத் தோளால் தள்ளிச் சுவரோடு சேர்த்தாள். மறுபடி சாய்ந்து, மறுபடி கண்ணை மூடினாள்.

"மாமி," என்று நதீரா கத்தினாள், "இன்னொருக்காத் தட்டுங்க!"

பேனையை மூடிக் கொப்பிக்குள் வைத்தாள். சரியை நாளைக்குப் போடலாம்.